வெப்பம் கடத்தும் தாவர நார் நானோ கூட்டுப்பொருள்கள்: வாலிநோக்கம் பகுதிப் பனைநாரை முன்வைத்து

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்த வாலிநோக்கம், தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்களால் அறியப்படும் ஊராகும். இதனைச் சூழ்ந்த கடற்கரைப் பகுதி பனைவளம் மிக்கது. பனையோலைக் கூரை வெயிலின் வெம்மையைத் தடுக்கும் என்பது இம்மக்கள் அறிந்த உண்மை. வெப்பத்தைத் தடுக்கும் பனையின் நார், வெப்பம் கடத்தும் பொருளுக்கு அடிப்படையாவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நாரும் நானோ இழையும்

இயற்கை நாரினுள் காற்று நிறைந்த நுண்குழல்கள் உள்ளன. செல்லுலோஸ் இழைகளை லிக்னினும் ஹெமிசெல்லுலோசும் பிணைத்துள்ளன. காற்றும் ஒழுங்கற்ற மூலக்கூறு அமைப்பும் வெப்ப ஓட்டத்தைத் தடுக்கின்றன. காரக் கரைசலாலும் வெளுப்பானாலும் இப்பிணைப்பை நீக்கி, உயர் அழுத்தத்தில் பிரித்தால் நானோமீட்டர் அளவிலான செல்லுலோஸ் இழைகள் கிடைக்கும். இவற்றின் படிகப் பகுதிகளில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நீளவாட்டில் ஒழுங்குற அமைவதால், வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வுகள் அதிகம் சிதறாமல் பரவுகின்றன.

இவ்விழைகளுடன் போரான் நைட்ரைடு நுண்தகடுகளைச் சேர்க்கும்போது, இழைகள் அத்தகடுகளை நீரில் திரளாமல் தாங்குகின்றன. கலவை தாளாக உலரும்போது தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து, ஒன்றையொன்று தொட்டு வெப்பப் பாதையை அமைக்கின்றன. போரான் நைட்ரைடு மின்சாரத்தைக் கடத்தாது என்பது இதன் தனிச்சிறப்பு.

பயன்பாடும் வரம்பும்

இம்மாவட்டத்தின் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. படிகச் சிலிக்கான் சூரியத் தகடுகளின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகை உயரும்போதும் மின்திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 விழுக்காடு குறைகிறது. ஆகவே, வெப்பத்தை வெளியேற்றி மின்சாரத்தைத் தடுக்கும் பின்தாள் இங்குப் பயன்தரும்.

ஆனால் அடுக்குத் தாள், தன் பரப்பு வழியே வெப்பத்தை நன்கு கடத்தினும் தடிமன் வழியே மிகக் குறைவாகவே கடத்தும். பின்தாளுக்கு வேண்டுவதோ தடிமன் வழிக் கடத்தலாகும். மேலும், செல்லுலோசின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஈரத்தை ஈர்ப்பவை. உப்புக்காற்றில் தாள் உப்பினால் தகடுகளின் தொடர்பு தளர்வதோடு மின்காப்பும் குன்றும்.

முடிவுரை

பரப்புவழிக் கடத்துதிறன் ஒன்றையே கொண்டு இப்பொருளை மதிப்பிடுதல் பொருந்தாது. தடிமன் வழிக் கடத்துதிறனும், ஈரமும் உப்பும் நிறைந்த சூழலில் நீண்டநாள் நிலைப்பும் ஒருசேர அளக்கப்பட்ட பின்னரே, பனைநார் இக்கடற்கரைக்குப் புதிய வருவாய் தரும் மூலப்பொருளாகுமா என்பதைத் துணிய இயலும்.