மசகிட்டு வரும் விசைப்பலகை ஸ்விட்சுகள்

கேரளத்தில் 2002-ஆம் ஆண்டு மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற அக்ஷயா மையங்கள் பின்னர் மாநிலமெங்கும் பரவின. தமிழர் மிகுதியாக வாழும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கியின் தேவிகுளம், மூணாறு பகுதிகளிலும் இத்தகைய மையங்களில் பணிபுரிவோர் நாள்தோறும் பல்லாயிரம் முறை விசைகளை அழுத்துகின்றனர். விசை தடையின்றி இறங்குகிறதா என்பது அவர்களுக்கு ஆடம்பரக் கேள்வியன்று. விரல்களின் நலத்தைப் பற்றிய கேள்வியாகும்.

இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் அடியிலும் தனித்தனியே ஒரு ஸ்விட்சு உண்டு. அதனுள் ஒரு பிளாஸ்டிக் தண்டும், ஒரு சுருள்வில்லும், இரண்டு உலோகத் தகடுகளும் அமைந்துள்ளன. விசையை அழுத்தினால் தண்டு இறங்கும், தகடுகள் ஒன்றையொன்று தொடும், மின்சாரம் பாயும். பெரும்பாலான ஸ்விட்சுகளில் தண்டின் முழு ஓட்டம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். பாதி தூரம் இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும்.

தண்டு கூட்டின் சுவரில் உராய்வதால் கரகரப்பு உண்டாகிறது. சுருள்வில் அதிர்வதால் மெல்லிய ரீங்காரம் எழுகிறது. இவ்விரண்டையும் தணிப்பதே மசகின் பணி. ஆர்வலர் சிலர் ஸ்விட்சைக் கழற்றி, நுண்தூரிகையால் தாமே கிரீஸ் தடவுவதுண்டு. முழு அளவுப் பலகையொன்றில் 104 ஸ்விட்சுகள் இருக்குமெனின், அவ்வுழைப்பு எத்தகையது என்பதை வாசகர் ஊகிக்கலாம். அதில் ஆபத்தும் உண்டு. கிரீஸ் மிகுந்தால் விசை மந்தமாகும். தகடுகளில் படிந்தால் தொடர்பு தடைப்படலாம். பொருந்தாத எண்ணெய் சிலவகைப் பிளாஸ்டிக்கில் வெடிப்பு உண்டாக்கவும் கூடும்.

தொழிற்சாலையில் மசகிட்டு வரும் ஸ்விட்சுகள் இத்தொல்லையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. செர்ரி நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அறிவித்த எம்.எக்ஸ்.2ஏ வரிசையில் இயந்திரங்களே மசகிடுகின்றன. அவ்வரிசையின் சிவப்பு ஸ்விட்சு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்தில் இயங்கும். ஆதலின் மென்மையாக அழுத்துவோர்க்கு ஏற்றது. கேட்டரான் நிறுவனத்தின் ஆயில் கிங் ஸ்விட்சு ஏறத்தாழ 55 கிராம் வேண்டுவது. தவறுதலாக விசைமேல் விரல் படுவதால் பிழை நேர்வோர்க்கு இதுவே நன்று. கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வகையில் தொடர்புத் தகடுகள் சிறு பெட்டிபோன்ற அடைப்பினுள் உள்ளன. மசகைக் காட்டிலும், தூசியையும் ஈரத்தையும் தடுக்கும் அவ்வடைப்பே அதன் சிறப்பு.

இனி, நம் வட்டாரத்துத் தட்பவெப்பத்தை நோக்குவோம். வெப்பம் கூடினால் எண்ணெயின் பிசுபிசுப்பு குறையும், குளிர்ந்தால் மிகும். பாலக்காட்டுக் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. மூணாற்றின் குளிர்கால விடியலில் உறைநிலையை நெருங்குவதுண்டு. ஆதலின் மெல்லிய படலமாக மசகிட்ட ஸ்விட்சையே மலைப்பகுதியினர் நாடுதல் நலம். கனமாக மசகிட்டது குளிரில் சற்றுத் தயங்கும். கணவாய்க் காற்று தூசி கொணரும் சித்தூரிலும், பருவமழை ஈரம் தங்கும் மூணாற்றிலும் அடைப்புள்ள வகை பயன் தரும். மசகு துருவைத் தடுக்கும் கவசமன்று. பலகையை இரவில் மூடிவைத்தல் இன்றியமையாதது.

மற்றொன்றும் கூறவேண்டும். கடைகளிலும் வங்கிகளிலும் நாம் கேட்டுப் பழகிய டி.வி.எஸ். கோல்டு பலகையின் ‘க்ளிக்’ ஒலி, ஸ்விட்சினுள் வேண்டுமென்றே அமைத்த பகுதியால் எழுவது. அதில் கிரீஸ் தடவினால் ஒலி மங்கும். இடைவெளி விசை போன்ற நீண்ட விசைகளைத் தாங்கும் கம்பிகளோ ஸ்விட்சினின்றும் வேறானவை. ஸ்விட்சு மசகிட்டு வந்தாலும், அக்கம்பிகள் கடகடத்தால் அவற்றுக்குத் தனியே மசகிட வேண்டிவரும்.

வாங்குமுன் பத்து விசைகளையேனும் மெல்ல அழுத்திப் பாருங்கள். நடுவில் மட்டுமன்றி ஓரத்திலும் அழுத்துங்கள். எல்லாம் ஒரே சீராக இறங்கினால், மசகிடல் செவ்வனே நிகழ்ந்துள்ளதெனக் கொள்ளலாம். அத்தகைய பலகையைத் திறவாதிருப்பதே அறிவுடைமை.