கேள்வியின் கூர்மை – 7: மணல் போன திசை

ராயபுரத்தில் கடல் ஏன் கரையை அரிக்கிறது? இது நியாயமான கேள்விதான். ஆனால் அறிவியல் கேள்வியாக இன்னும் பாதி வேலை மிச்சம் இருக்கிறது. கடல்மட்ட உயர்வு, புயல், துறைமுகம், கடல் அன்னையின் கோபம் என்று எதைச் சொன்னாலும் அது தலையாட்டிக்கொள்ளும். எந்தப் பதிலையும் தள்ளத் தெரியாத கேள்வியைச் சோதிக்க முடியாது.

அதைச் சோதனைக்குக் கொண்டுவர, ஒவ்வொரு பதிலும் உண்மையானால் கரையில் என்ன தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடல்மட்டம் உயர்வதுதான் காரணம் என்றால், சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும் கரை குறைய வேண்டும். புயலுக்கும் அதே கணக்குதான்; அது துறைமுகச் சுவரைப் பார்த்துப் பக்கம் பிரித்து அடிப்பதில்லை. துறைமுகச் சுவர்தான் காரணம் என்றால் தெற்கே மணல் சேர வேண்டும், வடக்கே குறைய வேண்டும். அந்த மாற்றம் சுவர் எழுந்த பிறகே தொடங்கியிருக்க வேண்டும்.

சுவர் எழுந்த காலம் தெரியும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் புயல் பாதி வேலையை நொறுக்கிப்போட, மறுபடியும் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தேயத் தொடங்கியது. மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் கொறிப்பவரின் காலடி மணலில் பெரும்பகுதி, ராயபுரத்துக்குப் போகிற வழியில் நின்றுபோனது.

காரணம் அலையின் சாய்வு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் சில மாதங்கள் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்கு நோக்கியே நிற்கும். குறுக்கே ஒரு சுவர் வந்தால் தெற்கே குவியும். வடக்கே அரித்துப் போகும் மணலுக்கு ஈடாகப் புதிது வருவது இல்லை.

திசை மாறும் இந்த ஓட்டம்தான் அளப்பவரை ஏமாற்றும். ஜூலையில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் அளந்துவிட்டு ‘கரை இவ்வளவு போய்விட்டது’ என்றால், பருவத்தை அளந்ததாகவே ஆகும். ஓதமும் அப்படித்தான். சென்னையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனாலும் சரிவு குறைந்த கரையில் நீர் விளிம்பு பல மீட்டர் நகர்ந்துவிடும். எனவே நகராத ஓர் அடையாளத்திலிருந்து, அதே மாதம், அதே அளவு ஓதத்தில் அளக்க வேண்டும்.

ஓர் இடத்தில் பலித்தது தற்செயலாகவும் இருக்கலாம். வேறு இடத்திலும் பலிக்கிறதா என்பது அடுத்த சோதனை. 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர் எழுந்தது. அதற்கு வடக்கே இருந்த நகரக் கடற்கரை மணலை இழந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் (இன்று காமராசர் துறைமுகம்) திறந்தது. அங்கும் தெற்கே மணல் சேர, வடக்கே கரை தேய்ந்தது. ஆனால் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் பிறகு வந்துவிட்டதால், எந்தச் சுவரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. இரண்டு காரணங்கள் ஒட்டிக்கொண்டால் நல்ல கேள்வியும் திணறும்.

அரிப்பைத் தடுக்க ராயபுரம் முதல் எண்ணூர் வரை கருங்கல் கொட்டி, கடலுக்குள் நீளும் சுவர்களாகத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ‘வளைவு பயன் தருமா?’ என்று கேட்டால் குப்பத்துக்கு ஒரு பதில் கிடைக்கும். ‘கடைசி வளைவுக்கு வடக்கே அரை கிலோமீட்டர் தூரத்தில், கட்டியதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளைவிடப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில் கரை வேகமாகக் குறைந்ததா?’ என்று கேட்டால் ஆம், இல்லை இரண்டுக்கும் இடம் உண்டு. பழைய செயற்கைக்கோள் படங்களை அடுக்கி வைத்தே இதைப் பார்க்கலாம். இந்தக் கேள்வியைக் கட்டுமானத்துக்கு முன்பே கேட்டு, ‘முன்’ அளவையும் எடுத்து வைப்பதுதான் முறை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு வளைவின் மேல் நின்று தெற்கேயும் வடக்கேயும் மாறி மாறிப் பார்க்கலாம். படம் எடுத்தால் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே ஓதத்தில் எடுக்கும் படம்தான் அதோடு ஒப்பிடத் தகும்.

(தொடரும்)