இறங்கி வந்த அன்பு

அவதாரம் என்னும் வடசொல்லுக்கு இறங்கி வருதல் என்பது பொருள். இறைவன் மனிதனாய்ப் பிறந்தான் என்பது கிறித்தவ சமயத்தின் தலையாய கொள்கை. இறைவன் கருவிற்பட்டுப் பிறத்தலைச் சைவ சித்தாந்தம் உடன்படாது. எனினும், அவன் குருவடிவில் எழுந்தருளி உயிர்களை ஆட்கொள்வான் என்று கூறும். கொள்கையால் வேறுபடினும், உயிர் தானே ஏறிச்சென்று எய்தலாகாமையின் அருளே இறங்கி வருதல் வேண்டும் என்பதில் இரு சமயமும் ஒன்றுபடுகின்றன.

அவ்வாறு வந்தவரை யோவான் சுவிசேஷம் 'வார்த்தை' என்று அழைக்கின்றது. இப்பெயர் சிந்தித்தற்குரியது. கேட்போன் செவிக்கு விளங்காத சொல் பயனற்றது. ஆதலின் பேச விரும்புவோனே கேட்போன் மொழிக்கு வரல் வேண்டும். இயேசு வானினின்று ஆணை அனுப்பி அமையவில்லை. தாயின் மடியில் மொழி பயின்றார், தச்சுத் தொழில் செய்தார், பசித்தார், நண்பன் இறந்தபோது அழுதார். அவர் தம் மேன்மையைத் துறந்து அடிமையின் கோலம் பூண்டார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் விளக்குகின்றார். அன்பு செய்தவரே வடிவு மாறினார். அன்பு செய்யப்பட்டோர் முதலில் மாறி வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் தெல்லிப்பழையின் வரலாற்றை நோக்குவோம். அமெரிக்க மிஷனைச் சார்ந்த டானியல் பூவர் 1816 ஆம் ஆண்டு இவ்வூரிற் குடியேறிப் பாடசாலை தொடங்கினார். யூனியன் கல்லூரி தன் தோற்றத்தை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. அவருடைய மனைவியார் சூசன் 1821 இல் இங்கேயே காலமானார். பூவரும் 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். கடல் கடந்து வந்து, தமிழ் கற்று, இம்மண்ணிலேயே உயிர்துறந்தோரின் அன்பை எவரும் ஐயுறார்.

ஆயினும், அம்மிஷனின் விடுதிப் பாடசாலைகளிற் பயின்ற சிறுவர்க்கு, செலவுக்குப் பொருள் உதவிய அமெரிக்கரின் பெயர்கள் இடப்பட்டன. சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். உணவும் கல்வியும் அன்பினால் வந்தவையே. ஆனால் இங்கே வடிவு மாறியவர் கொடுத்தவரல்லர், பெற்றவர். அவதாரத்தின் திசை தலைகீழாயிற்று.

அதே மிஷனில் 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் வேறொரு வழியையும் காட்டினார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மாணாக்கரைத் தம்மொழிக்கு ஏற்றாமல், தாம் அவர்மொழிக்கு இறங்கினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையோ, இட்ட பெயரைச் சுமந்துகொண்டே 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' இயற்றித் தமிழ்ப் புலவர்களின் பெயர்கள் மறையாவண்ணம் காத்தார்.

இவ்வேறுபாடு பழங்கதையன்று. 1990 இல் போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்து, பல்லாண்டு கழித்து மீண்டோர் இங்கே பலர். வரிசையில் நிறுத்திப் பொதி வழங்கிய கையும், கூரையற்ற வீட்டின் முற்றத்தில் உடனிருந்து துயர் கேட்ட செவியும் ஒன்றாகா. முன்னதும் வேண்டப்படுவதே, பின்னதோ மறக்கப்படாதது.

நத்தார் தோறும் நாம் மாட்டுத்தொழுவம் அமைத்து விளக்கேற்றுகின்றோம். அத்தொழுவம் நம்மிடம் எழுப்பும் வினா ஒன்றே: நீ அன்பு செய்யும்போது மாறுபவர் யார், நீயா, அவரா?