உழைப்பும் உரிமையும் உணவும்

பசிப்பிணி கொடிது என்பதைத் தமிழ் இலக்கியம் தொன்றுதொட்டு வலியுறுத்தி வருகிறது. மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்த காப்பியம் நம்முடையது. ஆயினும் பசி எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாவை நாம் ஆழ்ந்து எண்ணுவதில்லை. விளைச்சல் குன்றினால் பசி வரும் என்பதே பொதுவான கருத்து. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்தார். நாட்டில் உணவு இருந்தபோதும், அதனை அடையும் உரிமையையும் ஆற்றலையும் இழந்தோரே மடிந்தனர் என்பது அவர்தம் முடிபு.

இவ்வுண்மையை நமக்கு மிக அருகிலேயே காணலாம். திருநெல்வேலி, தென்காசி, வேலூர் மாவட்டங்களில் பல்லாயிரம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றி வாழ்கின்றனர். முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் அவர்களுள் பலர். பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் பெற்று, சுற்றிய பீடியை அங்கேயே ஒப்படைப்பர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. இலை தரம் குன்றியிருப்பின் ஆயிரத்துக்கு அது போதாது. குறைந்த இலையைத் தம் காசில் வாங்கி நிரப்ப வேண்டும். சரியில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி இல்லை. கடையில் சரக்கு இல்லாத நாளில் வேலையும் இல்லை.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்க்கு ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஆகவே உலை வைக்க அரிசி இல்லாத நிலை இங்கு அரிது. ஆனால் சோறு மட்டுமே உணவாகாது. கூலி குறையும் வாரத்தில் முதலில் மறைவன முட்டையும் பாலும் காய்கறியுமே. குடும்பத்தில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் தாய். நாம் பசி என்று பெயரிட மறக்கும் பசி இதுவே.

சட்டம் இல்லாமையால் வந்த நிலையன்று இது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இலேயே இயற்றப்பட்டது. வீட்டில் சுற்றுவோரையும் அது தொழிலாளராக ஏற்றது. வருங்கால வைப்பு நிதி அவர்களுக்கும் உரியது என 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் உரிமை அனைத்தும் ஒரு பாஸ் புத்தகத்தைச் சார்ந்து நிற்கிறது. ஒருவர் பெயரில் உள்ள புத்தகத்தில் இருவர், மூவர் சுற்றுவதுண்டு. பெயர் பதியாதவர் ஏட்டளவில் தொழிலாளரே அல்லர்.

இதன் விளைவு முதுமையில் புலனாகும். ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். முப்பது ஆண்டு சுற்றியும் ஏட்டில் பெயர் இல்லையெனில், 2014இல் குறைந்த அளவாக வரையறுக்கப்பட்ட 1,000 ரூபாய்கூடக் கிட்டாது. பார்வை மங்கி, விரல் தளர்ந்த காலத்தில் உணவுக்கும் பிறர் கையை எதிர்நோக்க நேரிடும்.

நலத்திட்டமும் வலுவிழந்தது. பீடித் தொழிலாளர் நல நிதிக்கெனத் தீர்வை விதிக்கும் சட்டம் 1976இல் வந்தது. மருந்தகம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, வீட்டு மானியம் ஆகியன அந்நிதியால் நடந்தன. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. மருத்துவச் செலவும் படிப்புச் செலவும் கைக்காசைத் தேடி வரும்போது, குடும்பம் குறைத்துக்கொள்ளக் கூடியது உணவு ஒன்றே. வாடகையையும் வட்டியையும் குறைக்க இயலாதன்றோ?

ஆதலின் பசியைப் போக்கும் பணி அன்னதானத்தோடு முடிவதில்லை. பாஸ் புத்தகத்தில் தாயின் பெயர் உள்ளதா, வைப்பு நிதி கணக்கில் ஏறுகிறதா என மாணவர் பார்த்துச் சொல்லலாம். படிவம் நிரப்ப ஆசிரியர் உதவலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் புத்தகம் தருமாறு கடைக்காரரிடம் ஊர்ப் பெரியோர் எடுத்துரைக்கலாம். பசித்தவர்க்கு ஒருவேளை உணவு அளித்தல் அறம். அவர்க்குரிய கூலியும் உரிமையும் முழுமையாய்க் கிட்டச் செய்தல் அதனினும் நிலைத்த அறம் என்பதை நாம் உணர்வோமாக.