பெற்றோரின் கண்ணுக்கும் ஓய்வு தரும் ஊர் எது?

முழு ஆண்டுத் தேர்வு முடியும் முன்பே பல வீடுகளில் சுற்றுலாப் பட்டியல் தயாராகிவிடுகிறது. நான்கு நாள் விடுப்பு, பத்துப் பன்னிரண்டு இடங்கள். காலை ஆறு மணிக்குக் குழந்தைகளை எழுப்பிக் குளிப்பாட்டி, வேனில் ஏற்றி, ஒவ்வோர் இடத்திலும் அரைமணி நேரம் இறக்கி, இருட்டிய பிறகு அறைக்குத் திரும்புகிறார்கள். ஊருக்கு வந்தபின் அப்பாவுக்கு முதுகுவலி, பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு ஒரு மூட்டை அழுக்குத்துணி. இதற்கு விடுமுறை என்று பெயர்.

ஓய்வுக்காகக் கிளம்பும் குடும்பம், ஊரின் புகழைப் பார்த்து இடம் தேடக் கூடாது. அங்கே நம் பிள்ளையின் கையைப் பிடிக்காமல் எவ்வளவு நேரம் விட முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழந்தை தானாக ஓடி விளையாடும் நேரம்தான் பெரியவர்களுக்கு ஓய்வு நேரம். வாகன நெரிசல், செங்குத்துச் சரிவு, ஆழமான நீர் என்று எந்நேரமும் காவல் காக்க வைக்கும் ஊர், எவ்வளவு குளுகுளுவென்று இருந்தாலும் ஓய்வு தராது.

கோடை என்றதும் எல்லோரும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் போகிறார்கள். 2024 மே மாதம் முதல் இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றமே வரம்பு கட்ட வேண்டியிருந்தது. மலைப்பாதையில் ஊர்ந்துசெல்லும் வண்டிக்குள் வாந்தியும் அழுகையுமாக இருக்கும் குழந்தைக்கு, மேலே காத்திருக்கும் ரோஜாத் தோட்டத்தால் என்ன பயன்? பல இடங்களைக் காட்டினால்தான் பிள்ளைகளின் அறிவு வளரும் என்பவர்களும் இருக்கிறார்கள். அது கல்விச் சுற்றுலாவுக்குப் பொருந்தும். ஓய்வுப் பயணத்துக்கு ஒரே ஊர், ஒரே அறை, மூன்று இரவு என்ற கணக்கே சரி.

பதினான்கு வளைவில் ஒரு மலை

திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி இதற்கு நல்ல உதாரணம். உயரம் சுமார் 1,100 மீட்டர்தான். ஊட்டியில் பாதி. மே மாதப் பகலில் வெயில் இருக்கும். ஸ்வெட்டர் குளிரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் மாலையும் காலையும் இதமானவை. சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு மட்டுமே. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். திருவள்ளுவர், கபிலர், ஔவையார், பாரி, ஓரி என்று பெயர்ப்பலகையை யார் முதலில் படிப்பது என்று போட்டி வைத்தால் பிள்ளைகள் வெளியே பார்த்தபடியே வருவார்கள். குனிந்து கைபேசியைப் பார்க்கும் குழந்தைக்குத்தான் மலைப்பாதையில் குமட்டல் சீக்கிரம் வரும்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜோலார்பேட்டை வரை ரயிலில் வந்துவிடலாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கும். ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். பட்ஜெட் போடும்போது பலர் கோட்டைவிடும் கணக்கு இது. ஒரே ஒரு வெளிப்பயணம் போதும் என்றால், பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை அங்கே பார்க்கலாம். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் அறைக்கு வெளியே நிழல், மண், மரம் இருந்தால் போதும். பிள்ளைகளே விளையாட்டைக் கண்டுபிடிப்பார்கள். சமையலும் பாத்திரமும் அம்மா தலையில் விழாத விடுதியாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர்

ஏலகிரியிலும் புங்கனூர் ஏரி உண்டு, படகு உண்டு. எந்தச் சுற்றுலா ஊரை எடுத்தாலும் ஓர் அருவி, ஓர் அணை, ஓர் ஆறு, ஒரு கடற்கரை, குறைந்தது விடுதியில் ஒரு நீச்சல்குளம் இருக்கும். இடம் தேர்வு செய்யும்போது குடும்பங்கள் வாடகையை விசாரிக்கின்றன, ஏசியை விசாரிக்கின்றன, சாப்பாட்டை விசாரிக்கின்றன. தண்ணீரை யாரும் விசாரிப்பதில்லை. ஒவ்வொரு கோடையிலும் ஆற்றில் குளிக்கப் போன அண்ணன் தம்பி, அணை பார்க்கப் போன குடும்பம் என்று செய்தி வராத வாரமே இல்லை. உலக அளவில் 2021-இல் மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தை.

நீருக்கு நீர் ஆபத்து மாறும். அருவியில் நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலைக்குள் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். குற்றாலத்தின் சீசன் ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையோடுதான் தொடங்குகிறது. அப்போது பள்ளிகள் திறந்திருக்கும். மே விடுமுறையில் போகிறவர்கள் காண்பது பெரும்பாலும் வெறும் பாறை, இல்லையென்றால் கோடைமழையின் எதிர்பாராத வெள்ளம்.

ஆற்றில் முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடி, மணல் அள்ளிய பள்ளத்தில் இறங்கக்கூடும். கடலில் கரைக்கு வந்த அலைநீர் ஏதோ ஒரு தடத்தில் சேர்ந்து வேகமாகத் திரும்புகிறது. அந்த இழுவையில் சிக்கினால் நன்றாக நீந்துகிறவரும் நேராகக் கரையை நோக்கி நீந்திக் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். விடுதிக் குளத்தில் ஒரு முனை மூன்றடி, மறுமுனை ஆறடி. காவலுக்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் பதில் வராது.

மூழ்கும் குழந்தை கூச்சல் போடும் என்று நம்புகிறோம். போடாது. வாய் நீருக்கு மேலே வரும் நொடி மூச்சு விடவே போதாது. பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும் குளக்கரையில், எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பில் ஒருவரும் பார்க்காமல் போகிறார்கள். அதனால் முறை வையுங்கள். அரைமணிக்கு ஒருவர், பெயர் சொல்லி, கைபேசியைக் கொடுத்துவிட்டு, குழந்தையை மட்டும் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளையென்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த வளையம் பாதுகாப்பு ஆகாது. படகில் குழந்தையின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் படகே வேண்டாம்.

ஒருவர் மூழ்கும்போது நீச்சல் தெரியாதவர்கள் அடுத்தடுத்துக் குதிப்பதால்தான் ஒரே வீட்டில் மூன்று, நான்கு உயிர்கள் போகின்றன. குதிக்காதீர்கள். துப்பட்டா, கயிறு, கொம்பு, மூடி இறுகிய காலித் தண்ணீர் கேன் எதையாவது வீசுங்கள், நீட்டுங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தைத் தின்றுவிடும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது இதைப் பயிற்சியாகக் கற்றிருக்க வேண்டும்.

அறை பதிவு செய்யும் முன் விடுதிக்கு மூன்று கேள்வி கேளுங்கள்: குளத்துக்கு வேலியும் பூட்டும் உண்டா? ஆழம் எழுதியிருக்கிறதா? உயிர்காப்பாளர் எந்த நேரத்தில் இருப்பார்? தெளிவான பதில் கிடைக்காத இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். சுற்றுலாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து ஏப்ரலிலேயே பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேருங்கள். பயணம் அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, நீச்சல் தள்ளிப்போகக் கூடாது.