அன்று காத்து கருப்பு, இன்று ஸ்கேன் படம்

ஆரணியில் ராத்திரி முழுக்கத் தறிச்சத்தம் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. முகூர்த்த மாசம் நெருங்கினால், முதலாளி சொன்ன தேதிக்குள் சேலையை அறுத்துக் கொடுக்க வேண்டுமென்றால், தறிக்குழியில் விடியவிடிய உட்காருவது இந்த ஊருக்குப் பழக்கப்பட்ட விஷயம். அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரு நெசவாளிக்கு இந்த நோய் தலைகாட்டியபோது முதல் சில நாட்கள் வீட்டாருக்குச் சந்தோஷமாகவே இருந்திருக்கும். மனுஷன் தூங்கவில்லை, களைக்கவில்லை, இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்த்தார். பிறகு பேச்சு வேகமெடுத்தது. இன்னும் நாலு தறி போடப்போகிறேன் என்று கண்ட இடத்தில் கடன் வாங்கினார். தடுத்தவர்களை அடிக்கப் பாய்ந்தார். சில மாதம் கழித்து அதே மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. வாங்கிய முன்பணம் மட்டும் நிற்கவில்லை, வட்டியோடு வளர்ந்தது.

மருத்துவர்கள் இதை இருமுனைப் பிறழ்வு என்கிறார்கள், பைபோலார் என்றும் சொல்வார்கள். ஊர் அன்று சொன்ன பெயர் காத்து கருப்பு, செய்வினை, புத்தி பேதலிப்பு. வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், சோளிங்கர் மலையடிவாரத்தில் ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேறு எங்கே போவது என்று தெரியாதவர்கள் கைவிடாமல் கூட்டிக்கொண்டு அலைந்தார்கள் என்பதே பெரிது. ஆனால் எல்லா இடமும் சோளிங்கர் அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடக்கூட முடியாமல் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைக் குற்றமாக்கிய மனநலப் பாதுகாப்புச் சட்டம் வர 2017 ஆயிற்று.

மருத்துவம் அன்று இல்லாமல் இல்லை. சென்னையின் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கிய ஒன்று. ஆரணிக்காரர்களுக்கு அதைவிடப் பக்கத்தில், வேலூர் பஸ்ஸில் போகும் தூரத்தில், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இல் வந்தது. டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கோல்ஸ் தொடங்கிய அந்த மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் கூடவே தங்க வேண்டும். நோயாளியை ஒப்படைத்துவிட்டு வருவதுதான் வழக்கம் என்றிருந்த காலத்தில் இப்படி ஒரு ஏற்பாடு! கணவனுக்கு எப்போது தூக்கம் குறைகிறது, எந்த மாத்திரையை எந்த நேரம் கொடுக்க வேண்டும் என்பதை மனைவி அங்கேயே கற்றுக்கொண்டு ஊர் திரும்ப முடிந்தது.

ஆனாலும் ஒரு கேள்விக்கு எந்த மருத்துவரிடமும் பதில் இல்லை. நோய் எங்கே இருக்கிறது? ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் 1899-இல் இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே நோய் என்று வகுத்தார். அவரோடு ம்யூனிக்கில் வேலை பார்த்தவர் அலாய்ஸ் அல்சைமர். மறதி நோயாளியின் மூளையில் நுண்ணோக்கியால் சேதத்தைக் கண்டு உலகுக்குக் காட்டியவர் அவர். அந்தத் தலைமுறையின் நுண்ணோக்கிகளால் இருமுனை நோயாளியின் மூளையில் அப்படி ஒன்றைக் காட்ட முடியவில்லை. எக்ஸ்ரேயில் மண்டை ஓடு தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் பத்து நோயாளிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்து, வெறி தணிவதைக் கண்டு எழுதினார். மருந்து கிடைத்துவிட்டது, அது எதைச் சரிசெய்கிறது என்பது தெரியவில்லை. கண்ணுக்குக் காட்ட ஒன்றும் இல்லாதவரை, ஊரும் உறவும் அதைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் வளர்ப்புச் சரியில்லை என்றும் பேசிக்கொண்டிருந்தன. அடி அதிகம் பட்டது அம்மாக்களுக்கும் மனைவிகளுக்கும்தான்.

எம்.ஆர்.ஐ. கருவி இந்தியாவுக்கு முதலில் வந்தது 1986-இல், டெல்லிக்கு. இருமுனை நோயாளிகளின் மூளைப் படங்களில் வெண்பொருள் பகுதியில் வழக்கத்தைவிட அதிகமாகப் பளிச்சென்ற புள்ளிகள் தெரிகின்றன என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளின் கற்றை. இழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்புறை இருப்பதால் வெளுத்துத் தெரிகிறது. இளைஞர் ஒருவர் மூளையில் உள்ள இந்த இழைகளை எல்லாம் சேர்த்து நீட்டினால் ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வலது மூளையையும் இடது மூளையையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் மட்டும் ஏறத்தாழ 20 கோடி இழைகள்.

இழைகளைத் தனித்தனியாகப் படம் பிடிக்க முடியாது. பீட்டர் பாஸரும் கூட்டாளிகளும் 1994-இல் வேறு வழி சொன்னார்கள். மூளைக்குள் இருக்கும் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார். தறியில் இழுத்துக் கட்டிய பாவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது இழையோட்டத்தில்தான் நீளும், குறுக்கே அவ்வளவாகப் பரவாது. பாவு தளர்ந்து கலைந்திருந்தால் எல்லாப் பக்கமும் பரவும். டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங் அளப்பது இதைத்தான். நீர் எவ்வளவு கண்டிப்பாக ஒரே திசையில் போகிறது என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஓர் எண் கொடுக்கிறது.

2019-இல் எனிக்மா என்ற பன்னாட்டுக் குழு 3,033 பேரின் படங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. கிட்டத்தட்டப் பாதிப்பேர் இருமுனை நோயாளிகள். வெண்பொருளின் 29 பகுதிகளில் அவர்களுக்கு அந்த எண் குறைவாக இருந்தது. கார்பஸ் கலோசத்திலும், உணர்ச்சியோடு தொடர்புள்ள சிங்குலம் என்ற கற்றையிலும் வித்தியாசம் அதிகம். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு எண் சற்று மேலாக இருந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மருந்துதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முறை எடுத்த படங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் பலருக்கு மனநோய் வந்த குடும்பங்களைச் சேர்த்து, ரத்தமும் மூளைப் படமும் எடுத்து, வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். காலம் செல்லச்செல்ல என்ன மாறுகிறது என்பதை அப்படித்தான் அறிய முடியும்.

இன்று ஆரணியில் படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பில்லி சூனியப் பேச்சு குறைந்துவிட்டது. அதற்குப் பதில் முதல் கேள்வி, "ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா சார்?" மருத்துவரும் சில சமயம் எடுக்கச் சொல்வார், மூளையில் கட்டியோ ரத்தக்கசிவோ இப்படி ஆட்டி வைக்கிறதா என்று தெரிந்துகொள்ள. ரிப்போர்ட்டில் குறை ஒன்றும் இல்லை என்று வருகிறது. அங்கேதான் புதுத் தொல்லை.

"ஒண்ணும் இல்லன்னு வந்துட்டுதே சார், அப்புறம் எதுக்கு மாத்திரை?"

"கட்டி, கசிவு எதுவும் இல்லன்னுதாம்மா அதுக்கு அர்த்தம். மாத்திரைய நிறுத்திடாதீங்க."

எனிக்மா கண்ட வித்தியாசம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில் தெரிவது. பெரும் வித்தியாசம் கண்ட இடத்திலும் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு நாலு பங்கைத்தான் நோய் விளக்குகிறது. நோயாளியின் எண்ணும் நோயில்லாதவரின் எண்ணும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. ஒரே ஒருவரின் படத்தை வைத்து இருக்கிறது, இல்லை என்று எந்த மருத்துவராலும் இன்று சொல்ல முடியாது. நோயைக் கண்டுபிடிப்பது இன்றும் தூக்கம், பேச்சு, செலவு இவற்றைப் பற்றி வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டுத்தான். 'மூளைப் படத்தில் பைபோலாரைக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் ஒரு நெசவாளியின் பல நாள் கூலி.

படங்கள் வேறொன்றைச் செய்திருக்கின்றன. இது உடம்பில் உள்ள நோய் என்று மாமியாரிடமும் பங்காளியிடமும் சொல்ல மருத்துவர் கையில் இன்று ஆதாரம் இருக்கிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோல மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், 2022 அக்டோபரிலிருந்து தமிழிலேயே பேசலாம். ஆனாலும் 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரியவந்தது.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் தறிமேல் ஒரு சிக்கல் உண்டு. லித்தியம் கையில் மெல்லிய நடுக்கம் தரும். ஜரிகை இழையை விரலால் எடுத்துப் பிணைக்கிறவருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. நடுக்கத்துக்குப் பயந்து தானாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அளவைக் குறைத்தோ வேறு மருந்து சேர்த்தோ சமாளிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்பதற்கு முன்பே. இன்னொன்று, குழியில் குனிந்து நெய்து முதுகுவலி வந்தால் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், புரூஃபென் வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே சர்வசாதாரணம். இவை ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். சித்திரை வெயிலில் வேர்த்து உடம்பு வற்றினாலும் ஏறும். வாந்தி, தள்ளாட்டம், குளறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர் மெடிக்கலில் எதைக் கேட்கும்போதும் அதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும், ரத்தத்தில் அதன் அளவை மருத்துவர் சொன்ன இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனை எல்லா லேபிலும் கிடையாது. தறிக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறாமல் அதைச் செய்துகொள்ள ஆரணி அரசு மருத்துவமனையிலேயே எந்நாளும் வழி இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.