உங்களுக்குத் தெரியுமா? கூலியைத் தேடிப் பறந்த டிரான்சிஸ்டர்

வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புவது கால் சென்டர் காலத்துப் பழக்கம் அல்ல. கலிபோர்னியாவின் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனம் 1963-லேயே ஹாங்காங்கில் ஆலை திறந்தது. டிரான்சிஸ்டருக்கான சிலிக்கான் சில்லுகள் அமெரிக்காவில் தயாராகும். விமானத்தில் ஹாங்காங் போகும். அங்கே பெண்கள் நுண்ணோக்கியில் கண் வைத்து, மயிரிழைக் கம்பிகளைப் பொருத்துவார்கள். கூலி மணிக்குச் சுமார் 25 சென்ட், அமெரிக்கக் கூலியில் பத்தில் ஒரு பங்கு! சரக்கோ எடை மிகக் குறைந்தது, விமானக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. போதாக்குறைக்கு, திரும்பி வரும் சரக்கில் வெளிநாட்டில் கூடிய மதிப்புக்கு மட்டும் சுங்கம் விதிக்க அமெரிக்கச் சட்டமே வழிவிட்டது.

பின்னர் வந்தது மலேசியாவின் பினாங்கு. சுங்கமில்லாத் துறைமுகம் என்ற சலுகையை 1969-இல் இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த தீவு அது. முதலமைச்சர் லிம் சோங் யூ முதலீட்டாளர்களை வலிந்து அழைத்தார். 1972-இல் அங்குள்ள பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் அமெரிக்கச் சில்லு நிறுவனமான இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அமைத்தது. மூன்றே ஆண்டில் அது தீயில் அழிந்தும் நிறுவனம் இடம் மாறவில்லை. மலிவுக்காக வந்தவர்கள் அங்கேயே நிலைத்து, பின்னாளில் சில்லு வடிவமைப்பு வேலையையும் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள்.